நூற்று நாற்பத்தொன்பது நாற்காலிகள்

2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். மேற்கே வண்டலூர்ப் பக்கம் மேகம் கட்டியிருந்தது. மழை தரும் மேகமல்ல. புழுக்கத்தைக் கூட்டிவிட்டுக் கலைந்துபோகும் வகை. எங்கள் நகரின் காலி மைதானத்தில் நான் குடையோடு நின்றிருந்தேன். மூன்றாவது நடையாக வந்து நின்ற மூன்று சக்கர மீன்பாடி வண்டியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் இறங்கிக்கொண்டிருந்தன.

“பாய், அறுபதுன்னுதானே சொன்னேன்?”

“அறுபதுதான் சார் சொன்னீங்க.”

“இங்க நூத்தம்பது இருக்கு.”

“எண்ணிட்டீங்களா? நான் இன்னும் எண்ணல.”

“சங்கத்துல மொத்தமே அறுபது மெம்பர். அதுக்கு மேல யார் வரப்போறா?”

“சேர் போட்டா வருவாங்க சார். சேரே இல்லாத எடத்துக்கு யார் வருவா?”

அவர் சாமியானா, நாற்காலி, பெரிய பாத்திரங்கள் வாடகைக்குக் கொடுப்பவர். பெயரை எழுதப்போவதில்லை. தாம்பரம் சானடோரியத்திலிருந்து செம்பாக்கம் வரை ‘சேர் பாய்’ என்றால் போதும், குழந்தைகூட வழி காட்டும். நான் எங்கள் நகர் நலச் சங்கத்தின் செயலாளர். ஒரு நாற்காலிக்கு ஒரு நாள் வாடகை மூன்று ரூபாய். தொண்ணூறு நாற்காலி அதிகம் என்றால் இருநூற்று எழுபது ரூபாய். அதைச் செயற்குழுவில் எப்படி விளக்குவது என்ற கவலையில்தான் எனக்கு அன்று காலையிலேயே தலைவலி தொடங்கியது.

அவரிடம் இது புதிதல்ல. நாற்காலி காலியாகத் திரும்புவது அவருக்குப் பொறுக்காது. கூட்டம் முடிந்து அடுக்கும்போது ஒவ்வொரு நாற்காலியின் மேலும் விரலை ஓட்டிப் பார்ப்பார். தூசி ஒட்டினால் முகம் வாடிவிடும். “இது ஒக்காராத சேரு சார்” என்று, மிஞ்சிய சோற்றைப் பார்க்கும் சமையற்காரர் மாதிரி சொல்வார். அப்படி ஆகாமலிருக்க, கூட்டம் தொடங்கிய கால் மணி நேரத்தில் தெருவில் இறங்கிவிடுவார். போகிறவர் வருகிறவரையெல்லாம் கையைப் பிடித்து அழைத்துவந்து உட்காரவைப்பார். எங்கள் பொங்கல் விழாவில் ஒரு முறை கேஸ் சிலிண்டர் போடுபவர், சித்தாள் பெண்கள் இருவர், தபால்காரர் ஆகியோர் முன்வரிசையில் அமர்ந்திருந்தார்கள். யாரோ தவறாகப் புரிந்துகொண்டு தபால்காரரைக் கோலப்போட்டிக்கு நடுவராக்கிவிட்டார்கள். அவர் கொடுத்த முதல் பரிசு பற்றி எங்கள் இரண்டாவது தெருவில் இன்றும் மனத்தாங்கல் உண்டு.

இது தொழில் தந்திரமா, சுபாவமா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். ஆள் கூடினால் நாற்காலி கூடும், நாற்காலி கூடினால் வாடகை கூடும். ஒரு தடவை நேராகவே கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “ஒக்காந்த சேருக்கு மட்டும் குடுங்க சார். ஒக்காராத சேருக்கு நானே வாங்க மாட்டேன்” என்றார். அதிலிருந்தும் எனக்கு விடை கிடைக்கவில்லை.

தீபாவளிக்கு முந்தின மாலை பெருங்களத்தூரில் தெற்கே போகும் பஸ்ஸுக்காக ஜனங்கள் மணிக்கணக்கில் நிற்பார்கள். பையை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு, குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு நிற்பார்கள். ஒரு வருஷம் பாய் தன் வண்டியில் நாற்பது நாற்காலிகளைக் கொண்டுபோய் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் வரிசையாகப் போட்டுவிட்டார். வாடகை கிடையாது. வயதானவர்களும் கர்ப்பிணிகளும் உட்கார்ந்தார்கள். போக்குவரத்துக் காவலர் ஓடி வந்தார்.

“யோவ், யாருய்யா ரோட்ல மீட்டிங் போடறது?”

“மீட்டிங் இல்ல சார். வெயிட்டிங்.”

காவலர் சிரித்துவிட்டதால் அரை மணி நேரம் தள்ளிப்போனது. அப்புறம் எடுக்கச் சொல்லிவிட்டார். திரும்பி வந்தவை முப்பத்து நான்கு. நான் அனுதாபத்தோடு விசாரித்தபோது பாய் சொன்னார்: “ஆறு சேரு மதுரைக்குப் போயிகினு இருக்கும் சார். பஸ்ல சீட்டு கெடைக்கல, கையோட எடுத்துகினு போயிட்டாங்க.”

எல்லாரையும் உட்காரவைக்கும் அவர் நாற்காலியில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுக்குப் பில் வாங்க வந்தால் வாசற்படியில் நின்றே டீ குடிப்பார். என் மனைவிக்கு அது பிடிக்காது.

“ஏன் பாய், நாங்க குடுக்கற நாற்காலியில உட்கார மாட்டீங்களா?”

“ஐயோ, அப்டி இல்லம்மா. தரையில ஒக்காருவேன். பள்ளிவாசல்ல ஒக்காருவேன், சாப்பாட்டுக்கு ஒக்காருவேன். சேர்னாலே ஒடம்பு கூசுது. வாடகைக்கு வுட்ட அன்னிக்கு சேரு கஸ்டமருது. நம்ம ஒக்காந்தா திருட்டுத்தனம் மாதிரி. முப்பது வருசமா அப்டியே பழகிப்போச்சி.”

“இது எங்க வீட்டு நாற்காலி. வாடகை இல்ல.”

“பாத்தா தெரியுதும்மா, தேக்கு. கண்ணுக்குத் தெரியுது, இடுப்புக்குத் தெரியலியே.”

என் மனைவிக்கு அவர்மேல் தனிப் பிரியம் வந்தது முந்தின வருஷ மழையில். எங்கள் நகர் ஏரிக்கரைக்குக் கீழே, முன்பு நெல் விளைந்த நிலத்தில் போட்ட மனைகள். அது வாங்கும்போது எங்களுக்குத் தெரியும். தெரிந்ததற்குப் பொருள் என்ன என்பது அந்த மழையில்தான் தெரிந்தது. ஏரி நிரம்பி வழிந்த தண்ணீர் வீட்டுக்குள் முழங்கால் வரை வந்தது. மனைவிக்கு மூட்டு வலி. தண்ணீரில் கால் வைக்க முடியாது. பாய் இடுப்பளவு நனைந்து, தலையில் நாற்காலியோடு வந்தார். அவளை அதில் உட்காரவைத்து, இருவர் இருபுறமும் தூக்க, பெரிய ரோடு வரை கொண்டுபோய்ச் சேர்த்தார். முன்னால் நடந்து குழி பார்த்துச் சொல்லிக்கொண்டே போனார்.

“அம்மா, கெட்டியா புட்சிக்கோங்க. ஊர்கோலம் போவுது!”

பயத்தில் அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். அன்று இன்னொன்றும் சொன்னார். அவருடைய குடோன் எங்கள் நான்காவது தெரு முடியும் இடத்துக்கு அப்பால் இருந்தது. அங்கே எப்படி என்று கேட்டேன். “மொதல் தண்ணியே நம்ம குடோனுக்குத்தான் சார். காலைலயே வந்துடுச்சி. சொந்த வூட்டுக்கு வர்ற மாதிரி நேரா உள்ள வந்துச்சி” என்றார். வேடிக்கைப் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

அந்த மழைக்குப் பிறகுதான் திட்டம் வந்தது. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும் இடத்தைக் கலங்கல் என்பார்கள். எங்கள் கலங்கலிலிருந்து கிழக்கே அடுத்த ஏரிக்குப் போகும் கால்வாய் பாதி தூர்ந்துவிட்டது. அதைச் சீர்செய்ய அரசுத் தரப்பில் படம் போட்டிருந்தார்கள். செய்வதற்கு முன் குடியிருப்போர் கருத்தைக் கேட்க ஒரு இன்ஜினீயர் வருவதாகச் சொன்னார்கள். அதற்குத்தான் அந்த ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். எங்கள் தலைவர் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பத்து மணிக்குத் தொடங்கி, பத்தே முக்காலுக்குத் தீர்மானம் நிறைவேற்றி, பதினொன்றுக்கு டிபன் என்று எழுதியே கொடுத்திருந்தார்.

இன்ஜினீயர் இளம் பெண். படத்தைப் பலகையில் மாட்டி, சுருக்கமாகப் பேசினாள். “முன்ன மாதிரி மழை மாசம் பூரா பரவலா பெய்யறதில்ல. ரெண்டு நாள்ல கொட்டிட்டுப் போயிடுது. இனிமே இப்படித்தான்னு வச்சுத்தான் நாங்க பிளான் பண்ணணும். தண்ணி எங்க வருது, எங்க நிக்குதுன்னு இங்க இருக்கறவங்கதான் சொல்லணும்.”

படத்தில் கால்வாய் எங்கள் நான்காவது தெரு முனையோடு நின்றுபோயிருந்தது. அங்கிருந்து புதிதாக ஒரு வடிகால் தெற்கே திரும்பி, பச்சை நிறம் பூசிய காலி நிலத்தின் வழியாகப் போனது. எங்களுக்கு நன்றாகவே இருந்தது. தண்ணீர் எங்களை விட்டுப் போகிறது, வேறென்ன வேண்டும்? தலைவர் கையைத் தூக்கச் சொல்லத் தயாரானார்.

அப்போது மைதானத்தின் வாசலில் சத்தம். பாய் ஒரு ஊர்வலத்தையே அழைத்துவந்துகொண்டிருந்தார்.

வந்தவர்கள் கீழத்தெருக்காரர்கள். எங்கள் நகருக்குத் தெற்கே தாழ்வான இடத்தில் முப்பத்தேழு வீடுகள். கொத்தனார், பெயின்டர், வீட்டு வேலை செய்யும் பெண்கள் என்று எங்கள் வீடுகளுக்குள் தினம் வந்துபோகிறவர்கள். சங்கத்தில் உறுப்பினர்களல்ல என்பதால் அவர்களை அழைக்கவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. முன்னால் வந்தவர் எங்கள் நகர் வாசலில் இட்லிக்கடை போடும் அம்மா. பின்னால், விருப்பமில்லாத நடையில், எங்கள் மனைகளுக்கெல்லாம் முன்சொந்தக்காரரான பழைய ஊர்க்காரர். விவசாயத்தை விட்டுவிட்டுக் கட்டட வாடகையில் வாழ்பவர். அவரை எல்லாரும் முதலாளி என்போம்.

“நான் எதுக்கு பாய்? நெலத்த வித்து இருவது வருசமாச்சு” என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார்.

“வித்தவங்களும் ஒக்காரலாம் மொதலாளி. சேர் கீது.”

சாமியானா அறுபது பேருக்கு அளவெடுத்துக் கட்டியது. அதன் நிழல் எங்களுக்கே சரியாக இருந்தது. புதியவர்கள் பின்னால் வெயிலில் கிடந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். இட்லிக்கடை அம்மா உட்காரவில்லை. பலகைக்கு நேரே நடந்தார்.

“பாப்பா, இதுல என் வூடு எங்க கீது?”

இன்ஜினீயர் பெண் தெருப் பெயர் கேட்டு, படத்தில் விரல் வைத்துத் தேடினாள். விரல் பச்சையில் போய் நின்றது.

“வூடே இல்லியே. தோட்டம் மாதிரி போட்டுகினு கீறீங்க. இந்தக் கோடு இன்னா?”

“அது... புது வடிகால்மா.”

அம்மா திரும்பி எங்களைப் பார்த்தார். “எங்கள வெயில்ல ஒக்கார வச்சிட்டு, நெழல்ல ஒக்காந்து எங்க தெருவுல தண்ணி வுடறீங்களா? நல்லா கீது சார் உங்க மீட்டிங்.”

தலைவர் “மேடம், இது மெம்பர்ஸ் மீட்டிங்” என்று ஆரம்பித்தார். பின்வரிசையிலிருந்து யாரோ, “காலைல இட்லி வாங்கும்போது அக்கா, இப்ப மேடமா?” என்றார்கள். சிரிப்பும் கூச்சலும் எழுந்தன. கீழத்தெரு ஆண்கள் எழுந்து முன்னால் வந்துவிட்டார்கள். எங்கள் ஆட்கள் சிலர் போலீஸைக் கூப்பிடலாமா என்று என்னைக் கேட்டார்கள். எனக்கு நாற்காலிகள் உடைந்தால் யார் பொறுப்பு என்ற கவலை வேறு.

பாய் நடுவில் வந்து நின்றார். அவருக்கு முகம் சிவந்திருந்தது. கூப்பிட்டு வந்தவர்களை வெயிலில் உட்காரவைத்தது அவரைத்தான் அதிகம் சுட்டிருக்கவேண்டும். “எல்லாம் எந்திரிங்க. மெம்பருங்களும் எந்திரிங்க. வரிசைய கலச்சிடலாம்” என்றார்.

“என்ன பாய் செய்யறீங்க?” என்றேன்.

“படத்த வுடுங்க சார். எனக்கும் ஒண்ணும் பிரில. சேர்லயே போட்டுரலாம்.”

அவர் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணப் பந்தல் எப்படி வரும் என்று கேட்கும் வாடிக்கையாளருக்குக் காகிதத்தில் வரைந்து காட்டமாட்டார். மைதானத்தில் நாற்காலிகளை வைத்தே காட்டுவார். இது மேடை, இது பந்தி, இது செருப்பு விடும் இடம் என்று. என் மகள் நிச்சயதார்த்தத்துக்கும் அப்படித்தான் காட்டினார். அதையே இப்போது செய்யத் தொடங்கினார். மைதானத்தின் மேற்கு ஓரத்தில் இருபது நாற்காலிகளைக் கவிழ்த்துப் போட்டார்.

“கவுத்த சேரு தண்ணி. இது ஏரி. நிமுந்த சேரு வூடு. அவங்கவங்க வூட்ட எடுத்துகினு போயி அவங்கவங்க எடத்துல போட்டு ஒக்காருங்க.”

முதலில் இட்லிக்கடை அம்மா ஒரு சிவப்பு நாற்காலியை இழுத்துப்போய்த் தெற்கே போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். “இது என் வூடு. யாரு எந்திரிக்க சொல்றாங்கன்னு பாக்கறேன்.”

அதற்குப் பின் பத்து நிமிடத்தில் மைதானம் ஊராகிவிட்டது. நான்கு தெருக்களும் நான்கு வரிசைகளாயின. “சார், உங்களுக்கு எதிர் வீடு நான், பக்கத்து வீடு இல்ல, தள்ளிப் போடுங்க” என்று அண்டை வீட்டுக்காரர் என்னோடு சண்டைக்கே வந்தார். நான் என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எட்டாம் எண் வீட்டின் இடத்தில் போட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் ஒன்று தெரிந்தது. ஏரி எனக்கு எத்தனை பக்கத்தில் இருக்கிறது என்பதும், கீழத்தெரு எங்களுக்கு எத்தனை கீழே இருக்கிறது என்பதும், பதினான்கு வருஷம் குடியிருந்தும் அப்படி ஒரே பார்வையில் நான் பார்த்ததில்லை.

“எல்லாரையும் ஒக்கார சொல்றியே பாய், உன் குடோனு மட்டும் காத்துல தொங்குதா?” என்றார் இட்லிக்கடை அம்மா.

எல்லாரும் சிரித்தார்கள். பாய் வெட்கப்பட்டார். கடைசியில் ஒரு வெள்ளை நாற்காலியை எடுத்து, எங்கள் நான்காவது தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் நடுவே, சற்றுக் கிழக்கே போட்டார். அதன்மேல் உட்கார்ந்தார். முதுகு சாயவில்லை. விளிம்பில், இரண்டு முழங்கால்களிலும் கை வைத்து, ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொள்பவர் மாதிரி இருந்தார். என் மனைவி எனக்குப் பின்னாலிருந்து கை தட்டினாள்.

“இப்ப தண்ணி எப்படிப் போகும்னு காட்டுங்க” என்றாள் இன்ஜினீயர் பெண். அவளும் படத்தை மறந்துவிட்டு, ஒரு காகிதத்தில் நாற்காலிகளை வரைந்துகொண்டிருந்தாள்.

முதலாளி கொஞ்ச நேரம் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். அவர் விற்ற மனைகளில் சில கால்வாயைத் தொட்டுக்கொண்டு இருப்பது எங்களுக்கு அரசல்புரசலாகத் தெரியும். கடைசியில் எழுந்து, மிச்ச நாற்காலிகளை ஒவ்வொன்றாகக் கலங்கலிலிருந்து கவிழ்த்துக்கொண்டே வந்தார். மூன்றாவது தெருவுக்கும் நான்காவது தெருவுக்கும் இடையில் புகுந்து, தெரு முனையில் நிறுத்தினார். “இதுவரைக்கும் எங்க நெலம். எனக்குத் தெரிஞ்சது இதான்” என்றார். அந்த வரிசை ஓரமாக இருந்த வீடுகளிலிருந்து, “ஆமா, எங்க சுவத்துலதான் மோதுச்சு” என்று குரல்கள் வந்தன.

கீழத்தெருக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. அடுத்த ஏரியின் பக்கமிருந்து, அதாவது கிழக்கிலிருந்து, அவர்கள் ஒரு வரிசை போட ஆரம்பித்தார்கள். “இங்க ஒரு கல்லு பாலம் இருந்துச்சி.” “இல்ல, அது இன்னும் இந்தாண்ட.” “உனக்கு இன்னா தெரியும், நீ கல்யாணம் ஆயி வந்தவ.” “நான் வந்தப்போ அதுலதான்டா துணி தொவச்சேன்!” சண்டை போட்டுக்கொண்டே, கவிழ்த்துக்கொண்டே, மேற்கு நோக்கி வந்தார்கள். புது வடிகால் கோட்டின் பக்கமே அந்த வரிசை திரும்பவில்லை. பழைய கால்வாய் நேராகவே வந்தது.

ஒரு வரிசை இந்தப் பக்கம் வந்து நின்றது. இன்னொன்று அந்தப் பக்கம் வந்து நின்றது. இரண்டுக்கும் நடுவே வெள்ளை நாற்காலியில் பாய் உட்கார்ந்திருந்தார்.

இட்லிக்கடை அம்மா கையில் ஒரு நாற்காலியோடு அப்படியே நின்றுவிட்டார். அந்த இடம் பள்ளமாகக் கிடந்ததும், பதினோரு வருஷத்துக்கு முன் யாரோ ஒரு புரோக்கர் அதை பாய்க்கு விற்றதும், அவர் லாரி லாரியாக மண்ணடித்து மேடாக்கி ஷெட் போட்டதும் அங்கிருந்த பாதிப் பேருக்குத் தெரியும். அது என்ன பள்ளம் என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை.

இன்ஜினீயர் பெண்ணுக்கு இது எதுவும் தெரியாது. காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: “கரெக்டா வருது. நடுவுல ஒரு சேர்தான் பாக்கி. அங்க உட்கார்ந்திருக்கறவர் கொஞ்சம் எழுந்துக்கறீங்களா?”

பாய் எழுந்திருக்கவில்லை. இரண்டு பக்கமும் திரும்பிக் கவிழ்ந்த நாற்காலிகளைப் பார்த்தார். அவர் முகத்தில் நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டிராத ஒன்றைக் கண்டேன். உட்கார்ந்த இடத்தை விட மனமில்லாதவர்களின் முகம் அது. அவர் எத்தனையோ கூட்டங்களில் கடைசியாக எழுப்பியவர்களின் முகம்.

தலைவர் நல்ல மனிதர். பாயின் மேல் அவருக்கும் அன்பு உண்டு. “மேடம், அது இவரோட குடோன். இவ்வளவு தூரம் நேரா வந்துட்டு, அந்த ஒரு இடத்துல லைட்டா ஒரு பெண்ட் குடுத்துடலாமே?” என்றார். பலர், “ஆமா, ஆமா” என்றார்கள். நானும் சொன்னேன்.

இன்ஜினீயர் பெண் இப்போதுதான் நிமிர்ந்து பாயைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. “வளைக்கலாம் சார். ஆனா வேகமா வர்ற தண்ணி வளைவுல வெளிய அடிக்கும்.”

“யார் வூட்ல அடிக்கும்?” என்று கேட்டார் பாய்.

அவள் பேனாவால் காட்டினாள். அது கீழத்தெருவின் முதல் சிவப்பு நாற்காலி. இட்லிக்கடை அம்மா, “அத்த வுடு பாய். பாத்துக்கலாம். போன வருசம் பாக்கலியா?” என்றார். அவர் குரல் அப்படித் தாழ்ந்து நான் கேட்டதில்லை.

பாய் சிரிக்க முயன்றார். “இன்னாக்கா நீ. உன் தெருவுல போயி கையப் புட்சி இஸ்துகினு வந்து ஒக்கார வச்சவன் நானு. ஒக்கார வச்சிட்டு தலைல தண்ணி ஊத்துவாங்களா?”

எழுந்தார். தான் உட்கார்ந்த வெள்ளை நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கி, இருக்கையின் மேல் வழக்கப்படி விரலை ஓட்டினார். பிறகு கவிழ்த்து வைத்தார். கலங்கலிலிருந்து அடுத்த ஏரி வரை வரிசை முழுமையாயிற்று.

அன்று டிபன் ஒன்றே காலுக்குத்தான் ஆரம்பித்தது. அறுபது பேருக்குச் சொன்ன பொங்கலை நூற்றைம்பது பேர் சாப்பிட்டோம். பற்றாததற்கு இட்லிக்கடையிலிருந்து வந்தது.

மாலையில் பாய் பில்லோடு வாசற்படியில் நின்றார். நூற்று நாற்பத்தொன்பது நாற்காலி, நானூற்று நாற்பத்தேழு ரூபாய் என்று இருந்தது. நூற்றைம்பது என்று நான் எண்ணியது நிச்சயம். எண்ணிக்கை தவறென்றால், அது எனக்குச் சாதகமாக இருந்தாலும், எனக்குத் தூக்கம் வராது.

“ஒண்ணு குறையுதே பாய்.”

“அது நான் ஒக்காந்தது சார். அதுக்கு எப்படி வாடகை வாங்கறது?”

“அந்தச் சேருக்கும் நாங்கதானே வாடகை தரணும்? கூட்டத்துக்குத்தானே உட்கார்ந்தீங்க?”

“இன்னா சார், அப்ப நான் மெம்பரா?” என்று சிரித்தார். ஆனால் பில்லைத் திருத்த மறுத்துவிட்டார்.

வேலை தொடங்க ஐந்து மாதம் ஆயிற்று. நோட்டீஸ் எதுவும் வருவதற்கு முன்பே அவர் ஷெட்டைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். கால்வாய்ப் புறம்போக்கான அந்த இடத்துக்கு அவரிடம் இருந்த பத்திரம் செல்லாது என்று தெரிந்ததால் இழப்பீடு என்ற பேச்சே எழவில்லை. புரோக்கர் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. படப்பையில் ஒரு ஷெட் வாடகைக்குக் கிடைத்தது. “ஒரகடத்துல கம்பெனிங்க வந்துகினே கீது சார், தெனம் ஒரு பூமி பூஜை, தெனம் முன்னூறு சேரு” என்று எங்களைத் தேற்றினார். சங்கத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்த விழா வைத்தோம். அதற்கும் நாற்காலி அவர்தான் கொண்டுவந்தார், கூடுதலாகவே கொண்டுவந்தார். மேடையில் அவருக்கென்று போட்ட நாற்காலியில் அவர் உட்காரவில்லை. அதில் இட்லிக்கடை அம்மாவைக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டு, பக்கத்தில் நின்றபடி பொன்னாடை வாங்கிக்கொண்டார்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நவம்பரில் ஏரி மறுபடி வழிந்தது. இரண்டு நாள் விடாத மழை. தண்ணீர் மூன்றாவது தெருவுக்கும் நான்காவது தெருவுக்கும் நடுவே, குடோன் இருந்த இடம் வழியாக, சத்தமாகப் போனது. எங்கள் வீட்டு முதல் படியைத் தொட்டது; இரண்டாவது படிக்கு ஏறவில்லை. கீழத்தெருவில் இட்லிக்கடை ஒரு நாள்கூட மூடவில்லை. என் மனைவி தேக்கு நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “பாய்க்கு ஒரு போன் போடுங்க” என்றாள். போட்டேன்.

“தண்ணி நேரா போவுதா சார்?”

“நேராப் போகுது பாய்.”

“யாரும் நிக்கலியே?”

“எல்லாரும் உட்கார்ந்துதான் இருக்கோம்.”

“அது போதும்” என்றார்.

அவருக்கு மொத்தம் எவ்வளவு ஆயிற்று என்று எனக்குத் தெரிந்தாகவேண்டும். நேராகக் கேட்டால் சொல்லமாட்டார். அவர் வரும்போதெல்லாம் பேச்சோடு பேச்சாக ஒவ்வொன்றாக வாங்கினேன்: இடம் வாங்கியது, மண்ணடித்தது, ஷெட் போட்டது, பிரித்து ஏற்றியது, படப்பையில் கொடுத்த முன்பணம். முழுதும் கிடைக்க மூன்று வருஷமாயிற்று. அவர் வாங்க மறுத்த அந்த ஒரு நாற்காலியின் வாடகையையும் சேர்த்தேன். அதை விட்டுவிட்டால் கணக்குச் சரியாகாது. மூன்று லட்சத்து எழுபத்தேழாயிரத்து மூன்று ரூபாய்.